கொடிகாமத்தில் விட்டுவந்த கார்

2016ஆம் ஆண்டு ஆவணி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் அம்மாவும் தங்கச்சியும் நானும் கோண்டாவிலில் இருந்து கொடிகாமத்துக்குக் காரில் போனோம். ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தூரம். இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதே கார் அந்த வீதியால் அதற்கு முன் போனது 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு. அன்றைக்கு நாங்கள் அதைத் தள்ளிக்கொண்டு போனோம். இருபத்தொரு வருடத்துக்குப் பிறகு அது எங்களை ஏற்றிக்கொண்டு போனது. இந்த இரண்டு பயணங்களுக்கும் இடையில் நடந்ததைத்தான் உங்களோடு பகிர விரும்புகிறேன்.

கார் ஒஸ்ரின் ஏ-40 சோமசெற். இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துப் பக்கம், லோங்பிரிட்ஜ் தொழிற்சாலையில் 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ரகம். நாலு சிலிண்டர், 1200 சீசீ இயந்திரம். கியர்த் தடி ஸ்ரியறிங்கோடு சேர்ந்திருக்கும். பொனற்றின் நுனியில் சிறகு விரித்த ஒரு சின்னம். திரும்பும்போது கதவுத் தூணுக்குள் இருந்து கைகாட்டி ஒன்று வெளியே நீளும். சிறு பிள்ளைகள் அதைப் பார்ப்பதற்காகவே ஒழுங்கை முகப்பில் நிற்பார்கள். இங்கிலாந்தில் அது நடுத்தரக் குடும்பங்களின் கார். எங்கள் ஊரில் அது ராசாவின் தேர். அப்பா அதை 1968இல் பழைய காராக வாங்கி வாடகைக்கு ஓடினார். எங்கள் பகுதியில் எத்தனையோ பொம்பிளைகள் அதன் பின்சீற்றில் இருந்துதான் புகுந்த வீட்டுக்குப் போனார்கள். கடைசிக் கல்யாண ஓட்டம் முடிந்து வந்து அப்பா பூமாலையைக் கழற்றி அம்மாவிடம் கொடுப்பது எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

யாழ்ப்பாணத்தில் ஏன் இத்தனை பழைய ஆங்கிலக் கார்கள் என்று வெளியூரில் இருந்து வருபவர்கள் கேட்பார்கள். அறுபதுகளின் தொடக்கத்தில் இருந்து 1977 வரை நாட்டுக்குள் புதுக் கார் இறக்குவதற்குக் கடும் கட்டுப்பாடு இருந்தது. அதனால் இருந்த கார்களைத்தான் எல்லோரும் திருத்தித் திருத்தி ஓடினார்கள். அதன் பின் தெற்கில் ஜப்பான் கார்கள் வந்தன. இங்கே யுத்தம் வந்தது. 1990இல் பாதையும் மூடி, பொருளாதாரத் தடையும் வந்ததும் எங்களிடம் இருந்த ஒஸ்ரின்களும் மொரிஸ் மைனர்களும்தான் மிச்சம். கியூபா என்ற நாட்டிலும் அமெரிக்காவின் தடைக்குப் பிறகு இப்படித்தான் ஐம்பதுகளின் அமெரிக்கக் கார்களை விடாமல் ஓட்டி வருகிறார்கள்.

தடை காலத்தில் பெற்றோல் கிடையாது. கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. இதை அனுபவித்த சகோதரிகளுக்கு அந்தப் புகை மணம் இன்னும் மூக்கில் இருக்கும். மண்ணெண்ணெய் குளிர்ந்த இயந்திரத்தில் ஆவியாகாது. ஆகவே சின்னப் போத்தலில் வைத்திருக்கும் பெற்றோலைக் கொஞ்சம் காபரேற்றருக்குள் விட்டு, கிராங் கம்பியால் சுற்றி ஸ்ராட் செய்வார்கள். இயந்திரம் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பழைய இயந்திரங்களில் அமுக்கம் குறைவு என்பதால் அவை அதைத் தாங்கின. ஆனால் எரியாத எண்ணெய் கீழே இறங்கி ஒயிலோடு கலக்கும். பிளக்கில் கரி பிடிக்கும். என் தம்பி பத்து நாளைக்கு ஒரு தடவை பிளக்கைக் கழற்றிச் சுரண்டுவான். பதினான்கு வயதில் தொடங்கிய வேலை அது.

அந்த ஒக்டோபர் இரவில் எல்லோரையும் தென்மராட்சிக்குப் போகச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். அப்பாச்சி நடக்க மாட்டார். அவரையும் பக்கத்து வீட்டுக் குழந்தைகளையும் மூட்டைகளையும் காரில் ஏற்றினோம். மண்ணெண்ணெய் நல்லூர் தாண்டுவதற்குள் முடிந்துவிட்டது. இருந்திருந்தாலும் ஓட்டியிருக்க முடியாது. இலட்சக்கணக்கான சனம் அந்த ஒரு வீதியில். மழை வேறு. அப்பா ஸ்ரியறிங்கைப் பிடிக்க அம்மா, தம்பி, தங்கச்சி, நான் நாலு பேரும் பின்னால் நின்று தள்ளினோம். செம்மணி வெளியைத் தாண்டி நாவற்குழிப் பாலத்துக்கு வர விடிந்துவிட்டது. மூன்றாம் நாள்தான் கொடிகாமத்தில் சின்னம்மா வீட்டு வளவுக்குள் காரை விட்டோம். அங்கே ஒரு மாமரத்தடியில் கிடுகுக் கொட்டில் இறக்கி அதற்குள் நிறுத்தினோம்.

1996 சித்திரையில் வலிகாமத்துக்குத் திரும்பியபோது கார் ஓடும் நிலையில் இல்லை. தம்பி காபரேற்றரைக் கழற்றிப் பழைய சாரம் ஒன்றில் சுற்றி எடுத்துவந்தான். வீட்டில் வைத்துத் துப்புரவாக்கி, பிறகு போய்ப் பூட்டி, காரைக் கொண்டுவருவதுதான் அவன் திட்டம். துண்டு துண்டாகக் கழற்றி ஒரு பால்மா ரின்னுக்குள் போட்டான். எது எங்கே வருவது என்று கொப்பித் தாளில் எழுதினான். ஆடி மாதத்தில் ஒருநாள் சைக்கிளில் பட்டணத்துக்குப் போனான். வழியில் மறித்ததைப் பார்த்ததாகச் சிலர் சொன்னார்கள். வீட்டுக்கு வரவில்லை. அவனுக்கு அப்போது வயது 19. அந்த வருடம் குடாநாட்டில் நூற்றுக்கணக்கானவர்கள் அப்படிக் காணாமல் போனார்கள். அம்மா ஏறி இறங்காத இடமில்லை. அதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1999இல் அப்பா மாரடைப்பால் காலமானார். 2000ஆம் ஆண்டு தென்மராட்சி யுத்தகளமானது. சாவகச்சேரி தரைமட்டமானது. காரும் போயிருக்கும் என்றுதான் நினைத்தோம். 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்த பிறகு சின்னம்மா வீட்டைப் பார்க்கப் போனோம். வீட்டுக்குக் கூரை இல்லை. மாமரம் பாதியாக முறிந்து கொட்டிலுக்கு மேல் கிடந்தது. கிளைகளை வெட்டி விலக்கினால் கீழே கார். கூரை நெளிந்து, கண்ணாடிகள் உடைந்து, தரைத்தகடு கறள் பிடித்து உக்கிப்போயிருந்தது. சீற்றுக்குள் எலி குடியிருந்தது. அம்மா பொனற்றைத் திறக்கச் சொன்னார். இயந்திரம் முழுதாக இருந்தது. காபரேற்றர் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. அம்மா அந்த இடத்தில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார்.

உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். எங்கள் ஊரில் வயது போன மெக்கானிக் ஐயா ஒருவர் இருந்தார். அப்பாவின் கூட்டாளி. அவருக்குக் கை நடுக்கம் வந்து தொழிலை விட்டிருந்தார். "நான் கதிரையில இருந்து சொல்லுறன், நீங்கள் செய்யுங்கோ" என்றார். பொம்பிளைப் பிள்ளைகளுக்கு ஏன் இந்த வேலை என்று ஊரில் கதைத்தவர்களும் உண்டு. தங்கச்சி காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இயந்திரம் இறுகிப்போயிருந்தது. பிளக் துவாரங்களால் மண்ணெண்ணெயும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டோம். நாள்தோறும் காலையில் கிராங் கம்பியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்ப்பாள் தங்கச்சி. நாற்பதாவது நாள்போல ஒரு விரல் அளவு அசைந்தது. அன்றைக்கு அம்மா பாற்சோறு பொங்கினார். ஏ-9 பாதை திறந்திருந்ததால் கொழும்பில் பஞ்சிகாவத்தைக்குப் போய்ப் பழைய உதிரிப்பாகக் கடைகளில் பிஸ்ரன் றிங் தேடி எடுத்தோம். வால்வுகளைப் பசை பூசி உரசி இருத்துவதை ஐயா பழக்கினார். தைப்பதற்கு நாள் முழுக்க மெசினில் இருக்கும் எனக்கு அந்த நிதானம் கைவந்தது. உக்கிய தரைக்கு எண்ணெய்ப் பீப்பாத் தகரத்தை வெட்டி ஒட்டுவித்தோம். எல்லாம் சீட்டுக் காசு, கோழி வித்த காசு, தையல் காசு.

2006 ஆவணியில் பாதை மூடியது. வேலையும் நின்றது. மறுபடி மண்ணெண்ணெய்க்கு வரிசை. இரண்டு வருடத்தில் ஐயாவும் காலமானார். காரைத் தறப்பாளால் மூடிவைத்தோம்.

2010இல் தெற்கில் இருந்து பழைய கார் வாங்கும் ஒருவர் வந்தார். அவர் சொன்ன விலை எனக்குப் பெரிய காசு. கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு நான் அம்மா வீட்டில் இருந்த காலம் அது. மழை பெய்தால் நாலு இடத்தில் சட்டி வைப்போம். "வித்துப்போட்டுக் கூரையைப் போடுவம் அம்மா" என்றேன். அம்மா மாட்டேன் என்றார். நானும் விடவில்லை. "இரும்பைக் காக்கிறியள், என்ரை பிள்ளையள் நனையிறது தெரியேல்லையோ" என்று கேட்டுவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அம்மா அழவில்லை. பால்மா ரின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார். "அவன் தொடங்கின வேலை இது. ஒருக்கால் ஓடட்டும். ஓடின பிறகு விக்கிறதெண்டால் வில்லு, நான் ஒண்டும் சொல்லன்" என்றார்.

வாங்க வந்தவர் போய்விட்டார். எனக்கு அம்மா மேல் கோபம் ஆற நாள் எடுத்தது. ஆனால் ரின்னைத் திறந்து பார்த்தேன். பதினான்கு வருடமாக அம்மா தை மாதம் தோறும் ஒவ்வொரு துண்டையும் துடைத்து எண்ணெய் பூசி வைத்திருந்தார். ஒரு துண்டில்கூடக் கறள் இல்லை. தம்பியின் கொப்பித் தாளும் இருந்தது. ஜெற் என்ற சின்னப் பித்தளைத் துண்டுக்கு நேரே, "ஊசியால் குத்தாதே. ஊது" என்று எழுதியிருந்தான். குத்தினால் துவாரம் பெருத்து எரிபொருள் கூடப் போகும். அதற்காக எழுதியது. எனக்கே நேரில் சொன்னதுபோல இருந்தது.

அதற்குப் பிறகு தங்கச்சியோடு நானும் இறங்கினேன். லண்டனில் இருக்கும் உறவுக்காரப் பிள்ளை ஒருவர் பிரேக் றப்பர்களை அங்கே வாங்கி அனுப்பினார். பழைய கார்களுக்கு உதிரிப்பாகம் விற்கும் கடைகள் அங்கே இன்னும் இருக்கின்றன. வயர் முழுவதும் புதிது. நெளிந்த கூரையைப் பட்டணத்தில் ஒரு கராச்சில் தட்டி நிமிர்த்தினார்கள். சீற்றுகளை நானே வெட்டி என் மெசினில் தைத்தேன். தடித்த றெக்சினில் நாலு ஊசி முறிந்தது. காபரேற்றரைத் தங்கச்சி அந்தத் தாளைப் பார்த்துத்தான் பூட்டினாள். 2016 ஆனி மாதத்தில் ஒரு மாலை, நாலாவது சுற்றில் கார் ஸ்ராட் ஆனது. ஒழுங்கைச் சனம் முழுக்க வந்து நின்றது.

முதல் ஓட்டம் கொடிகாமத்துக்கு என்று அம்மா எப்போதோ முடிவு செய்திருந்தார். தங்கச்சி ஓட்டினாள். நல்லூர்க் கந்தனைக் கும்பிட்டுவிட்டுச் செம்மணி வீதிக்கு ஏறினோம். இரண்டு பக்கமும் உப்புவெளி. கொக்குகள் நின்றன. 1999இல் தோண்டி 15 பேரின் எச்சங்களை எடுத்த இடம் அது. "மெல்லப் போ பிள்ளை" என்றார் அம்மா. தங்கச்சி கியரைக் குறைத்தாள். நாவற்குழிப் பாலத்தில் காற்று அடித்தது. நாங்கள் தோள் கொடுத்துத் தள்ளிய ஏற்றம் இவ்வளவுதானா என்று இருந்தது. கைதடிப் பனைகள், சாவகச்சேரியில் புதிதாக எழுந்த கடைகள், மீசாலைப் பக்கம் எங்களை முந்திக்கொண்டு போன ரயில். 1990இல் நின்ற யாழ்தேவி 2014இல்தான் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. கொடிகாமத்தில் சின்னம்மா படலையில் நின்றார். முறிந்த மாமரம் துளிர்த்துக் காய்த்திருந்தது. அதே நிழலில் காரை நிறுத்தினோம். "இவ்வளவு காலமும் வாடகை தரேல்லை" என்று சின்னம்மா பகிடி விட்டார். எல்லோரும் சிரித்து, பிறகு எல்லோரும் அழுதோம்.

காரை நான் விற்கவில்லை. இப்போது அது கல்யாணங்களுக்கு ஓடுகிறது. சாரதி தங்கச்சிதான். முகூர்த்த மாதங்களில் கை கொள்ளாத ஓட்டம். கூரையும் அந்தக் காசில்தான் போட்டோம்.

2025இல் செம்மணியில் மீண்டும் தோண்டினார்கள். இருநூறுக்கு மேற்பட்டவர்களின் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. அங்கே கிடைத்த பொருட்களை ஆவணி மாதத்தில் சனம் பார்ப்பதற்கு வைத்தபோது அம்மாவும் போக வேண்டும் என்றார். வயது 81. தங்கச்சி காரைக் கழுவி எடுத்தாள். அம்மா ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவனுடையது என்று சொல்ல ஒன்றும் இல்லை. திரும்பி வரும்போது முன்சீற்றில் இருந்து, "எஞ்சின் சத்தம் நல்லாயிருக்கு" என்று மட்டும் சொன்னார்.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் யாரோ தொடங்கி வைத்த வேலை ஒன்று இருக்கும். ஒரு தையல் மெசின், பாதியில் நிற்கும் கிணறு, விதைக்காத தோட்டம். அதை முடிப்பதால் போனவர்கள் வரமாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்த வேலையை முடித்ததால் தங்கச்சிக்கு ஒரு தொழில் கிடைத்தது. என் பிள்ளைகள் நனையாமல் படுக்கிறார்கள். தம்பியின் தாள் இப்போதும் காரின் முன்தட்டுக்குள் இருக்கிறது. காபரேற்றரைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் தங்கச்சி அதை எடுத்து விரித்து வைத்துவிட்டுத்தான் தொடங்குவாள்.