முஸ்தபா இன்னும் ஓடுகிறான்

ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர்தான் சொன்னார், தன் அறைக்குப் பின்னால் ஒருத்தர் பழைய வீடியோ கேம் பெட்டிகளை ரிப்பேர் செய்கிறார் என்று. சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் போய்ச் சேர்ந்தேன். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வர ஆரம்பித்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் கார், லாரி, போன், டிவி என்று புதுசு புதுசாகச் செய்து தள்ளுகிறார்கள். பழசைச் சரிபண்ண ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்.

உள்ளே ஆளுயரப் பெட்டிகள். தொண்ணூறுகளில் காயின் போட்டுப் பையன்கள் மொய்த்த அதே பெட்டிகள்தான். ஒன்றில் 'முஸ்தபா' ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானின் கேப்காம் 1993-இல் வெளியிட்ட அந்த ஆட்டத்தின் நிஜப்பெயர் 'கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்'. நம்மூரில் அதை யார் சொன்னார்கள்? நாலு நாயகர்களில் ஒருத்தன் பெயரே ஆட்டத்தின் பெயராகிவிட்டது. 1996-இல் 'காதல் தேசம்' படத்தின் 'முஸ்தபா' பாட்டும் வந்து சேர்ந்ததில் அவன் நம்ம பையனாகவே ஆகிவிட்டான்.

மெக்கானிக் அண்ணனுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். டிவி ரிப்பேரில் தொடங்கியவர். அவர் முதலில் காட்டியது ஒரு நீளமான திருப்புளியை. இரும்புத் தண்டில் ஒயரைப் பற்றவைத்து, மறுமுனையில் முதலை கிளிப் மாட்டியிருந்தார்.

"கரண்ட்டைப் புடுங்கிட்டா டியூப் செத்துடுச்சின்னு நெனைக்காதீங்க சார். உள்ள இருபதாயிரம் வோல்ட் உக்காந்திருக்கும்."

பிக்சர் டியூபே பெரிய கெப்பாசிட்டர் மாதிரி மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கிளிப்பை டியூபைச் சுற்றியுள்ள எர்த் பின்னலில் மாட்டினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். இரண்டு கையும் பட்டால் ஷாக் நெஞ்சு வழியாகப் போகுமாம். ரப்பர் மூடிக்கு அடியில் திருப்புளியை நுழைத்ததும் 'டப்'பென்று ஒரு சத்தம். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் வைத்தார். சில டியூபில் மிச்சம் ஊறி வருமாம். இளம் வயதில் சக மெக்கானிக் ஒருவர் ஸ்டூலோடு பின்னால் போய் விழுந்ததைப் பார்த்த அன்றைக்குச் செய்த கருவி அது. வேறு யார் கையிலும் கொடுப்பதில்லை.

அதன்பின் எல்.ஓ.டி., டிரை சோல்டர் என்று நிறையச் சொன்னார். பாதி எனக்கு ஏறவில்லை. புரிந்தது ஒன்று: போர்டைப் பெட்டியோடு சேர்க்கும் விளிம்பில் பக்கத்துக்கு 28 தொடுமுனைகள். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் எண்பதுகளின் நடுவில் வகுத்த 'ஜாமா' முறை இது. பெட்டி அப்படியே இருக்க, போர்டை மாற்றினால் ஆட்டம் மாறும். அந்த முனைகளைத் தேய்க்க அவர் வைத்திருப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் அழிரப்பர்.

இன்னொரு விஷயம் கேட்டு அசந்துபோனேன். கேப்காமின் அடுத்த தலைமுறை போர்டுகளில், நகலெடுக்காமல் இருக்க, ஆட்டத்தைத் திறக்கும் ரகசிய எண்களை ஒரு சின்ன பேட்டரி காத்து நிற்கும். பேட்டரி தீர்ந்தால் எண்கள் அழியும், ஆட்டமும் போச்சு. அந்தப் பூட்டைக் கழற்றிவிட்டுச் செய்த கள்ள நகல்களோ பேட்டரியே இல்லாமல் ஓடுகின்றன. நம்மூர்க் கடைகளுக்கு வந்தவை பெரும்பாலும் நகல்கள்தான். திருட்டுச் சரக்குக்கு ஆயுசு கெட்டி.

கணக்குக்கு வந்தபோதுதான் எனக்குக் கோபம் வந்தது. மூடிய கடையின் பெட்டியைக் காயலான் கடைக்காரர் கிலோ கணக்கில் எடுக்கிறார். புரோக்கர் வாங்கி இங்கே கொண்டுவருகிறார். உயிர் வந்ததும் அது ஐ.டி. கம்பெனி விழாவுக்கும் ரிசார்ட்டுக்கும் வாடகைக்குப் போகிறது. வாடகை ஒவ்வொரு முறையும் புரோக்கருக்கு. அண்ணனுக்கு ஒரே ஒரு தடவை கூலி. ஓடும்போது நின்றுபோனால் இலவசமாக வந்து பார்க்க வேண்டுமாம்! உயிர் கொடுத்தவனுக்குப் பங்கில்லை, தூக்கிப் போனவனுக்கு எல்லாம். ஏன் எழுதி வாங்கவில்லை என்று கேட்டேன். "எழுதச் சொன்னா வேற ஆளுகிட்ட போயிடுவான் சார்" என்றார். வேறு ஆள் எங்கே இருக்கிறார்?

உங்கள் ஊரில் மூடிய கேம் கடையிலோ தியேட்டரிலோ இப்படி ஒரு பெட்டி கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். பழைய டிவி மெக்கானிக் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள்; கூலியைப் பேரம் பேசாமல் கொடுங்கள். பிக்சர் டியூபை மட்டும் உடைத்துவிட வேண்டாம். அதன் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது.