தப்பு விடைக்குள் ஒரு கணக்கு

42-இலிருந்து 17-ஐக் கழிக்கச் சொன்ன கணக்குக்கு 35 என்று எழுதியிருந்தான் அந்த மூன்றாம் வகுப்புப் பையன். டீச்சர் சிவப்புப் பேனாவைத் திறக்கவில்லை. நோட்டை அவன் பக்கமாகத் திருப்பி வைத்து, "எப்படிப் போட்டேன்னு சொல்லு கண்ணு" என்றார்.

"ரெண்டுல ஏழு போகாது டீச்சர். அதனால ஏழுல ரெண்ட எடுத்தேன், அஞ்சு. நாலுல ஒண்ணு போனா மூணு."

தடுமாற்றமே இல்லாமல் சொன்னான். இரண்டில் ஏழு போகாது என்பது அவன் வகுப்பில் கேட்ட பேச்சு. ஏழில் இரண்டு போனால் ஐந்து, நான்கில் ஒன்று போனால் மூன்று. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சரி, விடை மட்டும் தப்பு. பெரிய இலக்கத்திலிருந்து சின்ன இலக்கத்தைக் கழிப்பது என்று தனக்குத்தானே ஒரு விதி வகுத்துக்கொண்டு, அதைப் பிசகாமல் பின்பற்றியிருக்கிறான்.

டீச்சர் நோட்டின் பழைய பக்கங்களைப் புரட்டி என்னிடம் காட்டினார். 48 - 23, 67 - 35, 89 - 46. எல்லாவற்றுக்கும் சரிக்குறி. "இதெல்லாம் அவன் வழியில போட்டாலும் சரியாத்தான் சார் வரும். மேல இருக்கற இலக்கமெல்லாம் பெருசு. அவன் என்ன நினைச்சுப் போடறான்னு இந்தக் கணக்கு எதுவும் காட்டாது."

சரியான விடைக்குப் பின்னாலும் தப்பான வழி ஒளிந்திருக்க முடியும். தொடக்கப்பள்ளிக் கணித ஆசிரியரின் வேலையில் பாதி, அந்த வழியை வெளியே இழுத்துப்போடும் கணக்கைத் தேர்ந்தெடுப்பதுதான் என்று அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்தபோது எனக்குப் பட்டது.

திருவண்ணாமலை மாவட்டத்தில் நிலக்கடலை விளையும் ஒரு சிற்றூர். அங்குள்ள ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, ஈராசிரியர் பள்ளி. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. நான்காம், ஐந்தாம் வகுப்புகள் தலைமையாசிரியரிடம், அலுவலக வேலையோடு சேர்த்து. ஒன்று, இரண்டு, மூன்று ஆகிய வகுப்புகள் ஒரே அறையில் இந்த டீச்சரிடம். அவர் மூன்றாம் வகுப்போடு பேசிக்கொண்டிருக்கையில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் குவித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் வகுப்பு பயிற்சி நூலில் மூழ்கியிருந்தது, பாதிப் பிள்ளைகள் பக்கத்து நோட்டிலும்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக்கிடந்ததால் விழுந்த இடைவெளியை நிரப்ப, 2022 ஜூனில் தமிழக அரசு 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைத் தொடங்கியது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் எல்லோரும் அடிப்படை எண்ணறிவும் எழுத்தறிவும் பெற வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பாடம் நடக்கிறது. பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதை நிலை சொல்லும். அங்கே ஏன் நின்றுவிட்டது என்பதை ஆசிரியர்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பையனுக்கு வருவோம். அலமாரியிலிருந்து ஈர்க்குச்சிக் கட்டுகளை எடுத்து வைத்தார் டீச்சர். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு. "நாப்பத்திரண்டு எடு." நான்கு கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் எடுத்தான். "எனக்குப் பதினேழு குடு." ஒரு கட்டைக் கொடுத்தான். உதிரி இரண்டையும் கொடுத்தான். இன்னும் ஐந்து வேண்டும். கையிலிருந்த கட்டுகளைப் பார்த்தான், டீச்சரைப் பார்த்தான். டீச்சர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் ஒரு பெண் "அவுருடா" என்று சொல்ல வந்தபோது கையமர்த்தினார்.

பையனே ஒரு கட்டை அவிழ்த்தான். ஐந்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை எண்ணினான். இரண்டு கட்டு, ஐந்து குச்சி. இருபத்தைந்து. நோட்டில் இருந்த 35-ஐயும் கையில் இருந்த 25-ஐயும் மாறி மாறிப் பார்த்தான்.

டீச்சர் அதோடு விடவில்லை. இப்போது செய்ததை அப்படியே எழுத்தில் எழுதவைத்தார். பத்துகளின் இடத்தில் 4-ஐ அடித்து 3, ஒன்றுகளின் இடத்தில் 12. ஒவ்வொரு அடித்தலுக்கும் எந்தக் குச்சி எங்கே போனது என்று சொல்லவைத்தார். அடுத்து அவர் கொடுத்த கணக்கு 50 - 23. "பூஜ்ஜியத்துல மூணு போகாதுன்னு அங்கயும் மூணுன்னே எழுதுவான், பாருங்க" என்றார். எழுதவும் செய்தான். மறுபடி குச்சி. கட்டை அவிழ்க்க இந்தத் தடவை யோசிக்கவில்லை.

பூஜ்ஜியம் வேறு வடிவத்திலும் பிள்ளைகளைப் படுத்துகிறது. முந்நூற்று ஐந்து என்று சொல்லி எழுதச் சொன்னால் இரண்டு மூன்று பேர் 3005 என்று எழுதினார்கள். முந்நூறை முழுதாக எழுதி, பக்கத்தில் ஐந்தைச் சேர்த்துவிட்டார்கள். இதற்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி டீச்சர் அட்டைகள் செய்திருக்கிறார். 300 நீள அட்டை, 40 நடு அட்டை, 5 குட்டி அட்டை. 300-இன் வலது ஓரத்தில் 5-ஐ வைத்தால் கடைசிப் பூஜ்ஜியம் மறைந்து 305 தெரியும். மூடிய பூஜ்ஜியம் அடியில்தான் இருக்கிறது என்று அட்டையைத் தூக்கித் தூக்கிப் பார்த்துக்கொள்கிறார்கள்.

என்னை அதிகம் யோசிக்கவைத்தவள் பூக்கட்டும் வீட்டுப் பிள்ளை ஒருத்தி. முழம் 25 ரூபாய், மூன்று முழத்துக்கு நூறு ரூபாய்த் தாள் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று கேட்டதும், "இருபத்தஞ்சு" என்றாள். அவளே நோட்டில் 100 - 75 என்று மேலும் கீழுமாக எழுதிப் போட்டபோது வந்த விடை 175. பையனின் அதே விதி. டீச்சர் கேட்டார்: "நூறு ரூபா குடுத்தவங்களுக்கு நூத்தி எழுபத்தஞ்சு மீதி குடுப்பியா?" வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே அழித்தாள். வாய்க்கணக்கில் அவள் 75-லிருந்து 100 வரை ஏறுகிறாள். நோட்டில் அந்தப் படி அவளுக்குக் கிடைப்பதில்லை.

இது அந்தப் பிள்ளையின் தனிக் குறையல்ல. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் கொல்கத்தா, டெல்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,400-க்கும் மேற்பட்ட சிறுவர்களிடம் செய்த ஆய்வு 2025-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. வியாபாரத்தில் மனக்கணக்காகத் தீர்ப்பதைப் பள்ளிக் கணக்காகக் கொடுத்தால் அவர்களில் பெரும்பாலோர் திணறினார்கள். பள்ளியில் மட்டும் படிக்கும் பிள்ளைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள்.

இந்தப் பிரிவு எப்போதும் இருந்ததல்ல. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி மனப்பாடம் செய்த பிள்ளை, மாகாணி என்னும் 1/16, காணி என்னும் 1/80, முந்திரி என்னும் 1/320 வரை பெருக்கிச் சொல்லும். நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அதுவே கருவி. அந்த மனப்பாடம் வெற்று ஒப்பித்தல் அல்ல, ஊரின் அளவைகளோடு பின்னிய பயிற்சி என்று இந்தக் கணித மரபை ஆராய்ந்த செந்தில் பாபு 2022-இல் வந்த தம் நூலில் காட்டுகிறார். அந்தத் திண்ணையில் எல்லாச் சாதிக்கும் இடம் இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். டீச்சரும் வாய்ப்பாட்டை விடவில்லை. தினமும் பாடவைக்கிறார். ஆனால் ஏழெட்டு மறந்து விழிக்கும் பிள்ளையிடம், "ஏழுநாலு தெரியுமில்ல, அதை ரெண்டு தடவை வை" என்கிறார். 28-உம் 28-உம் 56. மறந்தாலும் திரும்பிப் போக ஒரு வழி இருக்கிறது.

மதிய உணவு மணி அடித்த பிறகு, செயலியில் பதிவுகளை ஏற்றியபடி அவர் சொன்ன கணக்கு இது. ஒரு பிள்ளையின் தப்பைக் கேட்டுப் புரிந்துகொள்ள ஐந்து நிமிடம். நாற்பது நிமிடப் பாடவேளையில் எட்டுப் பேர். அறையில் இருப்பதோ முப்பதுக்குக் குறையாத பிள்ளைகள், மூன்று வகுப்பு. "ஏழு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஒண்ணாம் வகுப்பப் பார்க்கணும். அது போக எனக்கு நாலு பேர்தான் சார் கிடைப்பாங்க."

குச்சியும் அட்டையும் பயிற்சி நூலும் பள்ளிக்கு வந்துவிட்டன. இன்னும் வராதது அந்த ஐந்து நிமிடங்கள். அதைக் கொடுக்க இன்னொரு ஆசிரியர் வேண்டும். ஈராசிரியர் பள்ளிகளில் கணிதத் தரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் போட வேண்டிய கழித்தல் கணக்கு இந்த நிமிடக் கணக்குதான்.