சிவந்த மரங்கள் அழகு அல்ல



போன வாரம் நான் போட்ட மலைப் படத்துக்கு நிறையப் பேர் "சூப்பர் டீச்சர், என்ன அழகு!" என்று எழுதியிருந்தீர்கள். என் தங்கை மகள் ஒருத்தி, "பெரியம்மா, மலைக்கே மருதாணி வெச்ச மாதிரி இருக்கு" என்றாள். சந்தோஷம். ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். பைன் மரம் இலையுதிர் காலத்தில் சிவக்காது. கொடைக்கானல் பைன் காட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எப்போதும் பச்சைதான். படத்தில் சிவப்பாக நின்றவை எல்லாம் செத்த மரங்கள்.

கொன்றது யார்? ஓர் அரிசி அளவே இருக்கும் வண்டு. மலைப் பைன் வண்டு என்று பெயர். நீளம் 5 மில்லிமீட்டர்தான்.

நான் அக்டோபரில் இருந்து மகள் வீட்டில் இருக்கிறேன். அமெரிக்காவில் கொலராடோ மாநிலம், டென்வருக்கு மேற்கே மலைப்பக்கம். வீட்டைச் சுற்றி ஒன்பது பாண்டரோசா பைன் மரங்கள். வெயிலில் பட்டையை முகர்ந்தால் வெனிலா வாசம் வரும். வந்த இரண்டாம் வாரம் பேரன்தான் கூப்பிட்டான், "அம்மாச்சி, மரத்துல பாப்கார்ன் ஒட்டியிருக்கு!" போய்ப் பார்த்தால் பட்டையில் அங்கங்கே பிசின் உருண்டைகள். அடியில் மரத்தூள்.

மரம் பார்ப்பவர் ஒருவர் வந்தார். சின்னக் கோடரியால் பட்டையைக் கொஞ்சம் செதுக்கிக் காட்டினார். உள்ளே மேல்நோக்கி ஒரு சுரங்கப் பாதை, மரம் நீலம் பாய்ந்திருந்தது. ஐந்தாம் வகுப்புப் பாடம் மாதிரியே விளக்கினார். எனக்குப் பிடித்துப்போயிற்று. அவர் சொன்னதையும், பிறகு நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

கோடையில், ஜூலை முதல் செப்டம்பர் வரை, வண்டு பறக்கும். முதலில் பெண் வண்டு ஒரு மரத்தைத் துளைக்கும். துளைத்ததும் ஒரு வாசனையை விட்டு மற்ற வண்டுகளைக் கூப்பிடும். மரமும் சும்மா இருக்காது, பிசினைச் சுரந்து வண்டை வெளியே தள்ளப் பார்க்கும். பத்து வண்டு வந்தால் மரம் ஜெயிக்கும். நூற்றுக்கணக்கில் வந்தால் தோற்கும். வண்டு தன்னோடு ஒரு பூஞ்சையையும் கொண்டுவருகிறது. நீலக் கறை அதுதான். மரத்துக்குள் தண்ணீர் ஏறும் வழியை அது அடைத்துவிடும். புழுக்கள் பட்டைக்குள்ளேயே குளிர்காலத்தைக் கழிக்கும். அவற்றின் உடம்பில் கிளிசரால் சேர்வதால் உறைந்துபோவதில்லை. நடுக் குளிர்காலத்தில் மைனஸ் 40 டிகிரி வரை போனால்தான் கூட்டமாகச் சாகும். இப்போது அந்தக் குளிர் வருவது குறைந்துவிட்டது.

இதில் மோசமான விஷயம், தாக்கப்பட்ட மரம் அந்த வருஷம் முழுக்கப் பச்சையாகவே நிற்கும். அடுத்த கோடையில்தான் சிவக்கும். சிவக்கும்போது வண்டு அடுத்த மரத்துக்குக் கிளம்பிவிடும்.

இங்கேதான் எங்கள் வீட்டில் வாக்குவாதம். "பச்சையாத்தானே இருக்கு அத்தை, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் மாப்பிள்ளை. அவரைக் குறை சொல்ல முடியாது. வெட்டுகூலி கொஞ்சநஞ்சமில்லை. அந்த இரண்டும்தான் வீட்டுக்கு நிழல். ஆனால் வண்டு குடியேறிய மரத்தைக் காப்பாற்ற மருந்தே கிடையாது. விட்டுவைத்தால் மற்ற ஏழு மரங்களுக்கும் நாமே வண்டு வளர்த்துக் கொடுத்த மாதிரி.

பிப்ரவரியில் இரண்டையும் வெட்டினோம். வெட்டியதோடு வேலை முடியாது. பட்டையோடு விறகாக அடுக்கி வைத்தால் ஜூலையில் அதிலிருந்தே வண்டு பறக்கும். பட்டையை உரிக்க வேண்டும், அல்லது பொடியாக அரைக்க வேண்டும். நாங்கள் அரைத்துவிட்டோம்.

மீதி மரங்களுக்கு என்ன ஆபத்து என்று எப்படி எடைபோடுவது? நான்கு கேள்விகள். மரம் பருமனா? 8 அங்குலத்துக்கு மேல் விட்டமுள்ள மரத்தைத்தான் வண்டு அதிகம் தேடும். மரங்கள் நெருக்கமாக நிற்கின்றனவா? நெருங்கினால் தண்ணீருக்குப் போட்டி. வறட்சியா? தண்ணீர் இல்லாத மரத்தில் பிசின் ஊறாது. பக்கத்தில் வண்டு பிடித்த மரம் உண்டா? இதுதான் முக்கியமான கேள்வி.

அதனால் நோஞ்சான் மரங்களைக் கழித்து இடைவெளி விடுவதுதான் நீண்ட கால வைத்தியம். விலைமதிப்புள்ள ஒன்றிரண்டு மரங்களுக்கு ஜூலைக்கு முன் பட்டை முழுக்கத் தடுப்பு மருந்து அடிக்கலாம். வெர்பெனோன் என்று ஒரு பொட்டலமும் உண்டு. "இங்கே இடமில்லை" என்று வண்டுக்குச் சொல்லும் வாசனை அது. தியேட்டர் வாசலில் ஹவுஸ்ஃபுல் போர்டு மாதிரி! ஆனால் வண்டு பெருத்துவிட்ட காலத்தில் அந்த போர்டை மட்டும் நம்ப முடியாது.

இது சின்ன விஷயம் இல்லை. கொலராடோவில் 1996-இல் தொடங்கிய பெருக்கத்தில் 30 லட்சம் ஏக்கருக்கு மேல் பாதிப்பு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சுமார் 1.8 கோடி ஹெக்டேர். நம் தமிழ்நாடு மொத்தமே 1.3 கோடி ஹெக்டேர்தான். மரம் அறுக்கும் ஆலைகள் பல மூடின, ஊர்கள் பிழைப்பை இழந்தன.

எங்களுக்கு இப்போதுள்ள கவலை வேலிக்கு அந்தப் பக்கம். பக்கத்து வீட்டுப் பெரியவரின் மரத்திலும் அதே பிசின் உருண்டைகள். அவர் நட்டு வளர்த்த மரமாம், மனசு வரவில்லை. நீலம் பாய்ந்த ஒரு துண்டைப் பேரன் எடுத்துப்போய்க் காட்டினான். வாங்கி வைத்துக்கொண்டார், பதில் சொல்லவில்லை. ஜூலைக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. நான் அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறேன். மகளிடம், "சண்டை போடாதே, ஆனா கேட்டுக்கிட்டே இரு" என்று சொல்லியிருக்கிறேன்.

தென்னந்தோப்பு வைத்திருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் சிவப்புக் கூன்வண்டும் இதே ஜாதி வேலைதான் செய்யும். பச்சை மட்டையை அடியோடு வெட்டிக் காயம் உண்டாக்காதீர்கள். தண்டில் ஓட்டை, பழுப்பு நீர் வடிந்தால் அன்றைக்கே கவனியுங்கள். பட்டுப்போன மரத்தைத் தோப்பில் விட்டுவைக்காதீர்கள். உங்கள் மரத்துக்காக மட்டும் இல்லை, பக்கத்துத் தோப்புக்காரருக்காகவும்.

எல்லோரும் நலமாக இருங்கள். ஊருக்கு வந்ததும் பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்