எங்கே பொருந்தாது?

தொழிற்சாலைப் பொறியாளர்களுக்காக எழுதுவது சங்கடமான வேலை. அவர்கள் முதல் பக்கத்திலிருந்து படிப்பதில்லை. நேராக வரைபடத்துக்குப் போவார்கள். அதன் அச்சு பூஜ்யத்தில் தொடங்குகிறதா, சோதனை எந்த நிலைமையில் நடந்தது என்று தேடுவார்கள். அது கிடைக்காவிட்டால் மீதிப் பக்கங்கள் டீ தம்ளருக்கு அடியில் போய்விடும். கோவையில் பம்பு, மோட்டார் செய்கிறவர்களுக்குப் பல வருடங்களாக வொயிட் பேப்பர் எழுதிக் கொடுக்கிறவன் நான். இந்த தம்ளர் வட்டங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

செய்தித்தாள் வாசகருக்கு வெள்ளை அறிக்கை என்றால், 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தன் நிதி நிலைமை பற்றி வெளியிட்டது போன்ற ஒன்று. தொழில்துறையில் புழங்கும் வொயிட் பேப்பர் அதற்குத் தூரத்து உறவு. ஒரு தொழில்நுட்பச் சிக்கலை எடுத்துக்கொண்டு, என்னென்ன வழிகள் உண்டு, எது எவ்வளவு பலன் தரும் என்று ஆறேழு பக்கத்தில் கணக்கோடு சொல்வது. விற்பதற்காகத்தான் எழுதப்படுகிறது, அதில் ஒளிவுமறைவு தேவையில்லை. ஆனால் பொருளின் பெயர் முதல் பக்கத்திலேயே தலைகாட்டினால் படிப்பவர் உஷாராகிவிடுவார்.

ஒரு உதாரணம். 15 கிலோவாட், நான்கு துருவ மோட்டார். சர்வதேசத் தரத்தின்படி 50 ஹெர்ட்ஸில் ஐஇ2 வகைக்குச் செயல்திறன் 90.6 சதவீதம், ஐஇ3 வகைக்கு 92.1. முழுச் சுமையில் இரண்டும் இழுக்கும் மின்சாரத்தில் சுமார் 0.27 கிலோவாட் வித்தியாசம். வருடத்துக்கு 6,000 மணி நேரம் ஓடினால் 1,600 யூனிட்டுக்குச் சற்று மேல் மிச்சம். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 13,000 ரூபாய். விற்பனைப் பிரிவுக்கு இதுவே போதும். தலைப்பில் போட்டுவிடலாம் என்பார்கள்.

நான் எழுத உட்காருவதற்கு முன்பே இப்படிப்பட்ட கணக்கை எடுத்துக்கொண்டு, அதை மறுக்கக்கூடிய ஒருவரிடம் போய்விடுவேன். இந்த முறை போனது ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பொறியாளரிடம். ஓய்வு பெறும் வயது. கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு பார்த்தார்.

“தம்பி, பழைய மோட்டார் 1,455ல சுத்துது. புதுசு 1,470ல சுத்தும். அந்தக் கணக்க எங்க போடப் போறீங்க?”

இது சின்ன விஷயமல்ல. செயல்திறன் கூடிய மோட்டாரில் ரோட்டர் இழப்பு குறைவு, அதனால் ஸ்லிப் என்கிற வேகப் பின்னடைவும் பெரும்பாலும் குறைவு; கொஞ்சம் வேகமாகச் சுற்றும். மையவிலக்குப் பம்பு இழுக்கும் ஆற்றலோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப ஏறும். வேகம் ஒரு சதவீதம் கூடினால் சுமை மூன்று சதவீதம் கூடும். ஐஇ3 மோட்டார் மிச்சப்படுத்தியது 1.6 சதவீதம்தான். ஆக, நல்ல மோட்டார் வாங்கிய பிறகு மின்கட்டணம் கூடவும் கூடும்! தொட்டியை நிரப்பும் பம்பாக இருந்தால் தண்ணீர் சீக்கிரம் நிரம்பி, பம்பு சீக்கிரம் நிற்கும், கொஞ்சம் ஈடாகும். இரவு பகலாகச் சுழற்சியில் ஓடும் பம்பில் அந்த வழியும் கிடையாது. இம்பெல்லரின் விட்டத்தைக் கடைந்து சற்றுக் குறைக்க வேண்டும். அப்போதுதான் அந்த 13,000 ரூபாய் கைக்கு வரும்.

இதை அப்படியே ஒரு பத்தியாக எழுதினேன். “எதிராளி கையில் நாமே கத்தியைக் கொடுக்கலாமா?” என்று கேட்டார் விற்பனைத் தலைவர். வாக்குவாதத்துக்குப் பிறகு பத்தி தப்பித்தது. அதன் பின் விசாரித்து வந்த அழைப்புகளில் பலவும் அந்தப் பத்தியைப் பற்றித்தான்: எங்கள் பம்புக்கு எவ்வளவு கடைய வேண்டும்?

இதே போல இன்னொரு வரி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறது: வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்சாரம் பாதியாகும். 0.8இன் கனம் 0.512, கணக்கில் குற்றமில்லை. ஆனால் அது குழாயின் உராய்வு மட்டுமே தடையாக இருக்கும் இடத்துக்கு. ஆழமான போர்வெல்லில் தண்ணீர் ஏற வேண்டிய உயரம், பம்பு மெதுவாகச் சுற்றுகிறது என்பதற்காகக் குறைந்துவிடாது. ஒரு வேகத்துக்குக் கீழே தண்ணீர் மேலே வரவே வராது. இதைச் சொல்லாத வொயிட் பேப்பரை நம்பி, வேகத்தைக் குறைக்கும் டிரைவ் வாங்கிய விவசாயிக்கு யார் பதில் சொல்வது?

தன் எல்லையைத் தானே சொல்லும் துணிச்சலுக்கு முன்மாதிரி வேண்டுமென்றால், 2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் வெளியான பிட்காயின் வொயிட் பேப்பரைப் பார்க்கலாம். அந்த நாணயத்தின் பின்னால் ஓடும் கூட்டத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை. அந்த ஒன்பது பக்கங்கள் வேறு ரகம். கணினித் திறனில் பெரும்பங்கு, தாக்குதலுக்குக் கைகோக்காதவர்களிடம் இருக்கும் வரைதான் இந்த ஏற்பாடு நிற்கும் என்று முகப்புச் சுருக்கத்திலேயே நிபந்தனை வந்துவிடுகிறது. தாக்குபவர் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு என்ற கணக்கும் முடிவுரைக்கு முன்பே போடப்பட்டிருக்கிறது.

வொயிட் பேப்பரைத் திட்டமிடுவது பற்றி நிறையச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், யாருக்கு எழுதுகிறோம் என்று முடிவு செய்வதில்தான் பாதி வேலை இருக்கிறது. பராமரிப்புக்காரருக்குச் சோதனை விவரம் வேண்டும், கணக்குப் பிரிவுக்குப் போட்ட பணம் எப்போது திரும்பும் என்று தெரிய வேண்டும். ஒரே தாளில் இருவரையும் திருப்திப்படுத்தப் பார்த்தால் இருவருமே பாதியில் எழுந்து போவார்கள். கணக்குப் பிரிவுக்கு எழுதும்போது, ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட்டும் யூரோபம்பும் சேர்ந்து 2001இல் வெளியிட்ட ஆயுட்காலச் செலவு வழிகாட்டிதான் எனக்குச் சட்டகம். வாங்கும் விலையில் தொடங்கி, மின்சாரம், பராமரிப்பு, பம்பு நின்றால் வரும் நஷ்டம், கடைசியில் கழற்றி அப்புறப்படுத்துவது வரை எல்லாச் செலவையும் அது வரிசைப்படுத்துகிறது. தகவலுக்கு நான் முதலில் தேடிப் போவது சர்வீஸ் மெக்கானிக்கை. எந்த பேரிங் எத்தனை மாதத்தில் சத்தம் போடும் என்பது அவருக்குத் தெரியும். பிரசுரம் எழுதியவருக்குத் தெரியாது.

அடுத்த முறை உங்கள் மேசைக்கு ஒரு வொயிட் பேப்பர் வந்தால், ஓடும் நேரம், சுமை, வேகம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் ஆர்டர் போடும் முன் அனுப்பியவரையே கூப்பிட்டு, எங்கே இது பொருந்தாது என்று கேளுங்கள்.