கும்பகோணத்து வாசற்படிகளும் இளையராஜாவின் பெண்களும்

பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க ஸ்டூடியோவுக்குப் போனால், பிரின்ட் கைக்கு வரும்போது நான் இரண்டு ஷேடு வெளுத்திருப்பேன். கேட்காமலேயே செய்து தரும் உதவி அது. ஒருமுறை, "என் நிறத்துலயே குடுங்கண்ணா" என்றதும் கடையில் இருந்த நான்கு பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அதனாலோ என்னவோ, ஓவியர் எஸ்.இளையராஜாவின் படங்களை முதன்முதலாக போனில் பார்த்தபோது, ஸ்க்ரோல் செய்ய விரல் நகரவில்லை. அத்தனை பேரும் நம் வீட்டு நிறத்துப் பெண்கள். கதவில் சாய்ந்து நிற்கிறார்கள், கரி படிந்த அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார்கள். "இது போட்டோதானே?" என்று எல்லோரும் கேட்கும் கேள்வியை நானும் கேட்டேன். போட்டோ இல்லை, பெயின்ட்டிங். 'ஆனந்த விகடன்' கதைகளுக்கு அவர் வரைந்த படங்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். 2021 ஜூன் மாதம் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. 40 வயதைத் தாண்டிச் சில ஆண்டுகள்கூட ஆகியிருக்கவில்லை.

அவர் பிறந்த ஊர் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் செம்பியவரம்பல். அந்தப் பெண்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று பார்த்துவிட வேண்டும் என்று ஒரு லீவு நாளில் கிளம்பிவிட்டேன்.

ஆனால், முதலில் போனது சுவாமிமலைக்கு. காரணம் இருக்கிறது. இளையராஜா படித்தது கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில். அதே வட்டாரத்தில்தான் தலைமுறை தலைமுறையாக ஸ்தபதிகள் பெண் உருவத்தை வார்த்துக்கொண்டிருக்கிறார்கள், அம்மனாக.

பட்டறைக்குள் நுழைந்ததும் மெழுகு வாசனை. கையளவு பார்வதி ஒருத்தி மெழுகில் நின்றாள். அவளுக்கு மேல் காவிரி வண்டல் மண் பூசி, காயவைத்து, சூடாக்கி மெழுகை வடித்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். எனக்கு ஆச்சர்யமாக இருந்தது மெழுகைவிட ஒரு தென்னை ஓலைதான். சிலையின் உயரத்துக்கு ஓலையை நறுக்கி, கணக்காக மடித்துக்கொள்கிறார்கள். அந்த மடிப்புகள்தான் ஸ்கேல். முகத்தின் நீளம் ஒரு தாளம், எந்தத் தெய்வத்துக்கு எத்தனை தாளம் என்பதற்கெல்லாம் சாஸ்திரத்தில் கணக்கு இருக்கிறது. இடுப்பு இவ்வளவு, தோள் இவ்வளவு. இந்த அளவில் எந்த ஊர்ப் பெண்ணும் இருக்க மாட்டாள், இருக்கவும் வேண்டாம். அவள் தெய்வம்.

சிக்கல் எங்கே வந்ததென்றால், அளவு பார்த்துச் செய்த தெய்வத்தை வைத்து மனுஷியை அளக்க ஆரம்பித்த இடத்தில். ரவிவர்மா 1894-ல் அச்சகம் தொடங்கிய பிறகு லட்சுமியும் சரஸ்வதியும் கலர் படங்களாக வீட்டுச் சுவருக்கே வந்துவிட்டார்கள். பின்னாலேயே காலண்டர்கள். எங்கள் வீட்டு காலண்டர் லட்சுமி ரோஸ் நிறம். அந்தக் காலண்டருக்குக் கீழே நின்றுதான் பாட்டி என் முகத்தில் கடலை மாவு பூசுவார்.

மதிய வெயிலில் செம்பியவரம்பல் போய்ச் சேர்ந்தேன். (பெயரிலேயே சோழர் வாடை அடிக்கிறது பாருங்கள். 'செம்பியன்' சோழர்களின் பட்டப்பெயர்.) ஓவியங்களில் வரும் ஓட்டு வீடுகளைத் தேடினேன். கான்கிரீட் வீடுகளும், டிஷ் ஆன்டெனாவும்தான் முதலில் கண்ணில் பட்டன. கொஞ்ச தூரம் நடந்த பிறகு ஒரு பழைய வீடு. உள்ளே இருட்டு, வாசல் வழியாக ஒரே ஒரு பட்டை வெளிச்சம். அட, இதே வெளிச்சம்தான்! அவர் ஓவியத்தில் பெண்ணின் ஒரு கன்னம் மட்டும் மின்னும், மறு கன்னம் இருட்டோடு சேர்ந்துவிடும். கறுப்பு நிறம் எவ்வளவு நிறங்களால் ஆனது என்று அந்த இடத்தில்தான் தெரியும். செம்மண், கத்திரிப்பூ, கொஞ்சம் பச்சைகூட. ஃபேர்னஸ் க்ரீம் விளம்பரத்தில் அது ஒரே பழுப்பு.

திண்ணையில் ஒரு ஆயா வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, போனில் இருந்த ஓவியம் ஒன்றைக் காட்டினேன். வாசற்படி ஓரம் தாவணிப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருக்கும் படம். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "அழகாத்தான் இருக்கு புள்ள. இப்ப யாரு ஆயி தாவணி கட்டுறா? எல்லாம் நைட்டிதான். இந்த நேரத்துக்கு ஒக்காரத்தான் முடியுமா?" என்றார்.

சிரித்தேன். ஆனால், அந்தக் கேள்வியைத் தட்டிவிட முடியவில்லை. இளையராஜாவின் பெண்கள் பெரும்பாலும் இளம்பெண்கள், பேரழகிகள், ஏதோ ஒரு நினைப்பில் இருப்பவர்கள். நிறத்தை மீட்டுக் கொடுத்தவர், காலத்தை அவர் சின்ன வயதில் பார்த்த வீட்டிலேயே நிறுத்திவிட்டாரோ என்று எனக்கும் தோன்றியதுண்டு. நைட்டிமேல் துண்டு போட்டு, ஸ்கூட்டியில் பிள்ளையை ட்யூஷனுக்கு அழைத்துப்போகும் அம்மாவை யார் வரைவார்கள்? இன்னும் 20 வருடங்கள் இருந்திருந்தால் அவரே வரைந்திருக்கலாம்.

கிளம்பும்போது ஆயா, "என்னையும் ஒரு போட்டோ புடி" என்றார். எடுத்துக் காட்டினேன்.

"இது யாரு?"

அப்போதுதான் கவனித்தேன், போனில் பியூட்டி மோடு தானாகவே ஆன் ஆகியிருந்தது. சுருக்கம் போய், வெளுத்து, ஆயா வேறு யாராகவோ இருந்தார். ஸ்டூடியோக்காரர் என் பைக்குள்ளேயே இருக்கிறார்! அதை ஆஃப் செய்துவிட்டு, வாசல் வெளிச்சம் முகத்தில் விழுகிற மாதிரி அவரைக் கொஞ்சம் திரும்பி உட்காரச் சொல்லி, இன்னொன்று எடுத்தேன். போனைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்க அம்மா மாதிரியே இருக்கேன்" என்றவர், உள்ளே திரும்பிப் பேரனைக் கூப்பிட்டு, வாட்ஸ்அப் நம்பர் சொல்லச் சொன்னார்.