கார் காணோமா? புதுப்பேட்டை அப்புறம்!

“வண்டி காணோமா? புதுப்பேட்டைக்குப் போய்ப் பாரு, பார்ட் பார்ட்டாத் தொங்கும்!”

சென்னையில் கார், பைக் தொலைத்த யாரும் இந்தக் கேலிக்குத் தப்பியதில்லை. கேட்டவர்களில் சிலர் நிஜமாகவே கிளம்பி வந்துவிடுகிறார்கள். தவணை முடியாத கார், வாடகைக்கு ஓட்டிக் குடும்பம் நடத்தும் கார்... காலையில் வாசலில் வெறும் ஆயில் கறை மட்டும் இருந்தால் மனசு எதைத்தான் யோசிக்கும்?

கூவத்தை ஒட்டிக் கிடக்கிறது புதுப்பேட்டை. நடுவே போகும் ஆதித்தனார் சாலையைப் பழைய ஆட்கள் இன்னமும் ஹாரிஸ் ரோடு என்றுதான் சொல்வார்கள். சந்துக்குள் நுழைந்தால் டீசல் வாசனை. கடை வாசலில் வாழைத்தார் மாதிரி பம்பர்கள் தொங்கும். கதவுகள் புத்தகம்போல் அடுக்கியிருக்கும். 2014-ல் உற்பத்தி நின்றுபோன அம்பாசிடருக்கும் மாருதி 800-க்கும்கூட இங்கே தேடினால் பாகம் கிடைத்துவிடும். நின்று பார்த்தாலே போதும், “என்ன மாடல் சார், எந்த வருஷம்?” என்று குரல் வரும்.

எல்லாமே திருட்டுச் சரக்கு என்பது அநியாயமான பேச்சு. விபத்தில் நொறுங்கியவை, ஏலத்தில் எடுத்தவை, ஓடி ஓய்ந்தவை என்று முறையாக வந்த வண்டிகளைப் பிரித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே தலைமுறைகளாக உண்டு. கூப்பிடு தூரத்தில் ஆயுதப்படைப் போலீஸ் குடியிருப்பு. போலீஸ் மியூசியமாகிவிட்ட பழைய கமிஷனர் அலுவலகமும் பக்கம்தான்.

சரி, வந்தவர் எதை வைத்துத் தன் காரை அடையாளம் கண்டுபிடிப்பார்? வெள்ளை ஸ்விஃப்ட் கதவு ஆயிரம் இருக்கும். நம்பர் பிளேட்டை நிமிடத்தில் மாற்றலாம். உண்மையான அடையாளம் ஆர்.சி.யில் இருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும்தான். அதை நினைவில் வைத்திருப்பவர் யார்? சந்து சந்தாக அலைகிறவரின் முகத்தைப் பார்த்தே விஷயத்தைப் புரிந்துகொள்ளும் கடைக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி: “எஃப்.ஐ.ஆர். போட்டாச்சா சார்?”

பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார். சிக்கலே அங்கேதான்.

நோ பார்க்கிங்கில் போலீஸ் இழுத்துப் போயிருக்கிறதா, தவணை பாக்கிக்காக ஃபைனான்ஸ்காரர் எடுத்துப் போனாரா என்று முதலில் விசாரித்துக்கொள்ளலாம். இல்லையென்றால் உடனே 100 அல்லது 112. பிறகு ஸ்டேஷனில் எழுத்தில் புகார். எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை பார்க்கக் கூடாது என்பது இப்போதைய சட்டம். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடக் கூடாது, எஃப்.ஐ.ஆர். நகலை இலவசமாகவே தர வேண்டும். ஃபாஸ்டேக்கை அவசரப்பட்டு முடக்க வேண்டாம். கார் எந்தச் சுங்கச்சாவடியைத் தாண்டியது என்று போனுக்கு வரும் மெசேஜ்தான் போலீசுக்குக் கிடைக்கும் நல்ல துப்பு.

அன்றைக்கே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் சொல்லிவிட வேண்டும். போலீசில் உடனே புகார் செய்திருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்ன ஒரே காரணத்துக்காக இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பும் போலீசுக்கே போகாமல் புதுப்பேட்டையில் சுற்றியவருக்கு உதவாது. வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசி என்றால் ஒரு ரூபாய்கூட வராது. முழு பாலிசியாக இருந்தால், அதில் ஐ.டி.வி. என்று போட்டிருக்கும் தொகைதான் கணக்கு. கடன் இருந்தால் முதலில் வங்கி எடுத்துக்கொள்ளும். இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். ஒன்று வண்டியிலேயே இருந்தது என்றால் வாக்குவாதம் தொடங்கும்.

வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று போலீஸ் சான்று கொடுத்த பிறகுதான் பணம் நகரும். வாரக்கணக்கில் அல்ல, மாதக்கணக்கில் ஆகும். ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் போக வேண்டும். திருடிய காரை வைத்து யாராவது குற்றம் செய்தால் முதலில் தேடி வருவது ஆர்.சி.யில் பெயர் இருப்பவரைத்தான்.

நடுவில் கார் கிடைத்துவிட்டால் கோர்ட்டில் மனுப் போட்டு எடுக்கலாம். பணம் வாங்கிய பிறகு கிடைத்தால் அது கம்பெனியின் கார். முன்கண்ணாடியில் ஒட்டிய பிள்ளையாரோடு சேர்த்துத்தான்!