கராச்சியும் ஒரு ஜெராக்ஸ் காப்பியும்

2025 மே 8. ராத்திரி பதினோரு மணி இருக்கும். செம்பூர் வீட்டில் டிவி அலறிக்கொண்டிருந்தது. கராச்சித் துறைமுகம் காலி, இஸ்லாமாபாத் நம் கையில் என்று சேனலுக்குச் சேனல் சைரன். ஜூனியர் காலேஜ் படிக்கும் மகன் சோபாவில் துள்ளிக் குதித்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "யாரு சொன்னதுன்னு பேர் போடுறானா பாருடா" என்று கேட்டுவிட்டேன்.

"ஏன்ப்பா, நாம ஜெயிக்கிறது உங்களுக்குப் பிடிக்கலையா?"

வீட்டுக்காரியும் ஒரு மாதிரி பார்த்தாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பையன் மேல் கோபம் வரவில்லை. 16 வருடத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் துள்ளினேன்.

2009. மாட்டுங்கா பக்கம் ஒரு வங்கியில் கிளார்க் வேலை, தாராவியில் ஜாகை. மே 19-ம் தேதி இலங்கை ராணுவம் பிரபாகரன் உடலைக் காட்டியது. நாங்கள் யாரும் நம்பவில்லை. ஓரிரு நாளில் ஒரு தமிழ்ப் பத்திரிகை அட்டையில் படம் வந்தது. தன் மரணச் செய்தியைப் பிரபாகரனே டிவியில் பார்த்துக்கொண்டிருக்கிறார்! பேங்க் மிஷினில் இருபது ஜெராக்ஸ் போட்டேன் (மேனேஜருக்குத் தெரியாமல்தான்). 90 அடி ரோடு டீக்கடை அண்ணாச்சி அதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தார்.

24-ம் தேதி புலிகள் தரப்பிலிருந்து செல்வராசா பத்மநாதனே மரணத்தை ஒப்புக்கொண்டார். படம் வெறும் ஒட்டுவேலை. அண்ணாச்சி அதைக் கிழித்துக்கொண்டே சொன்னார்: "பேங்க்ல வேல பாக்குத நீயே கொண்டுவந்தா நம்பாம என்னடே செய்ய?"

ஏமாந்ததுகூடப் பரவாயில்லை. ஒரு மனிதர் இருக்கிறாரா இல்லையா என்று நாங்கள் விவாதித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், முள்ளிவாய்க்காலிலிருந்து வெளியே வந்த ஜனங்களைப் பற்றி அந்த டீக்கடையில் ஒருவர்கூடப் பேசவில்லை. நானும்தான்.

காமர்ஸ் படித்தவன் முதலில் பார்க்க வேண்டியது கணக்கைத்தானே? 2009 தொடக்கத்தில் வன்னியில் சிக்கியிருப்பவர்கள் சுமார் 70,000 பேர் என்றது இலங்கை அரசு. போர் முடிந்து முகாம்களில் எண்ணியபோது ஏறக்குறைய 2,80,000 பேர்! லெட்ஜரில் 70,000, கையில் 2.8 லட்சம். எந்த வங்கியில் இப்படி டேலி ஆகும்? அது வெறும் எண் இல்லை சார். தலைக்கணக்கைப் பார்த்துத்தான் அரிசியும் மருந்தும் அனுப்பினார்கள். கணக்கைக் குறைத்தால் கஞ்சியும் குறையும். ஐ.நா. நிபுணர் குழு 2011-ல் இதையெல்லாம் எழுதியது. கடைசி மாதங்களில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் சொன்னது. இதற்குக் கொழும்பு வைத்திருந்த பெயர் மனிதாபிமான நடவடிக்கை.

அதே அறிக்கையில் இன்னொரு பக்கமும் உண்டு. புலிகள் ஜனங்களை வெளியேற விடவில்லை, தப்பி ஓடியவர்களைச் சுட்டார்கள். அந்தப் பக்கத்தை நான் வேகமாகப் புரட்டினேன். எதிராளியின் பொய்யை மட்டும் வரி வரியாக ஆடிட் செய்தேன். நம்ம பக்கத்துப் பொய்க்குக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.

மறுபடி செம்பூருக்கு வருகிறேன். கராச்சி எரியவில்லை, இஸ்லாமாபாத்தும் அங்கேயேதான் இருந்தது. துறைமுகம் எரிவதாகப் பரவிய ஒரு வீடியோ, அந்த வருடம் ஜனவரியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நடந்த விமான விபத்தாம். பாகிஸ்தான் பக்கமும் வீடியோ கேம் காட்சிகளைப் போர் என்று சுற்றவிட்டார்கள். ஆனால் மே 7-ம் தேதி காஷ்மீரின் பூஞ்ச்சில் பாகிஸ்தான் ஷெல் விழுந்து குழந்தைகள் உட்படப் பத்துப் பேருக்கு மேல் செத்தது நிஜம். அவர்கள் நம்ம ஜனங்கள். கராச்சி சத்தத்தில் அவர்கள் பெயர்கூட எங்கள் வீட்டு ஹாலுக்கு வந்து சேரவில்லை.

ரெண்டு நாள் கழித்துப் பையன் கேட்டான், "அப்ப எல்லாமே பொய்யாப்பா?"

"எல்லாமே பொய்னு சொல்லிட்டாலும் யோசிக்கிற வேலை மிச்சம்டா. நமக்குப் பிடிச்ச செய்தி வந்தா, அதை மொதல்ல செக் பண்ணு" என்றேன். ஜெராக்ஸ் கதையையும் சொன்னேன்.

சிரித்தான். பிறகு போனை எடுத்து, காலேஜ் குரூப்பில் அவன் அனுப்பியிருந்த கராச்சி வீடியோவுக்குக் கீழே "இது தப்பு, நான்தான் அனுப்பினேன், ஸாரி" என்று தட்டினான்.

எனக்கு அண்ணாச்சியிடம் அந்த ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. கடை இப்போது கைமாறிவிட்டது.